பழைய மோட்டார் காரில் மின்னேற்றக் கோளாறு: கண்டறியும் முறை

(வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் எழுதியது)

நம் கிராமங்களில் பழைய மோட்டார் வண்டிகள் இன்னும் முற்றாக மறைந்துவிடவில்லை. 1950-களின் பிற்பகுதியில் தொடங்கி 2014 வரை உற்பத்தியான அம்பாசடர் கார், 1961 முதல் சென்னையில் உருவான ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார், அதே காலத்துப் பழைய டிராக்டர் ஆகியவை பல வீடுகளிலும் களத்துக் கொட்டகைகளிலும் நிற்பதைக் காணலாம். திருமணத்திற்கும் திருவிழாவுக்கும் மட்டுமன்றி, நள்ளிரவில் நோயாளி ஒருவரை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வதற்கும் இவ்வண்டிகள் பயன்படுகின்றன. அத்தகைய வேளையில் சாவியைத் திருப்பியும் எஞ்சின் அசையாமல் நின்றால், வண்டி இருந்தும் இல்லாததற்கு ஒப்பாகும்.

"பாட்டரி இறங்கிவிட்டது" என்பதே இதற்குப் பெரும்பாலும் கூறப்படும் காரணம். உடனே புதிய பாட்டரி வாங்கப்படுகிறது. இரண்டு மாதத்தில் அதுவும் இறங்குகிறது. பின்னர் டைனமோவுக்குக் கம்பி சுற்றப்படுகிறது. அதன் பின்னர் கட்டுப்பாட்டுப் பெட்டி மாற்றப்படுகிறது. இவ்வாறு பல ஆயிரம் ரூபாய் செலவான பிறகு, துருப்பிடித்த ஒரு சிறு கம்பியே கோளாறுக்குக் காரணம் என்று தெரியவரும் நிகழ்ச்சிகள் உண்டு. சோதித்து அறியாமல் உறுப்புகளை மாற்றுவது, நோய் இன்னதென்று அறியாமல் மருந்து கொடுப்பதைப் போன்றது. வரிசையாகச் சோதித்துக் கோளாறு உள்ள இடத்தைக் கண்டறியும் முறையை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். இதற்கு எஞ்சினியரிங் படிப்பு தேவையில்லை. பொறுமையும் ஒரு வோல்ட் மீட்டரும் இருந்தால் போதும்.

அமைப்பும் அதன் உறுப்புகளும்

பழைய வண்டியின் மின்னேற்ற அமைப்பில் முக்கியமானவை நான்கு: பாட்டரி, டைனமோ, அதைச் சுழற்றும் பெல்ட், கட்டுப்பாட்டுப் பெட்டி. பாட்டரியை நெற்குதிர் என்று கொண்டால், டைனமோவை விளையும் வயல் எனலாம். குதிரிலிருந்து எடுத்த அளவுக்கு வயலிலிருந்து வந்து சேராவிட்டால், குதிர் என்றேனும் ஒருநாள் காலியாகத்தான் செய்யும்.

காந்தப் புலத்தில் செம்புக் கம்பி அசைந்தால் அதில் மின்சாரம் பிறக்கும் என்பதை 1831-ல் மைக்கேல் பாரடே கண்டறிந்தார். டைனமோவின் அடிப்படை இதுவே. டைனமோவின் உட்சுவரிலுள்ள இரும்புத் துண்டுகளில் எப்போதும் சிறிதளவு காந்த சக்தி எஞ்சி நிற்கும். நடுவிலுள்ள ஆர்மெச்சர் சுழலும்போது அச்சிறு காந்த சக்தியால் சிறிதளவு மின்சாரம் உண்டாகிறது. அதில் ஒரு பகுதி பீல்டு காயிலுக்குச் சென்று காந்தத்தை வலுப்படுத்துகிறது; காந்தம் வலுப்பெற, மின்சாரம் பெருகுகிறது. இவ்வாறு ஒன்றையொன்று வளர்த்து டைனமோ தன் முழு ஆற்றலை அடைகிறது.

கட்டுப்பாட்டுப் பெட்டியில் இரு கருவிகள் உள்ளன. ஒன்று கட்-அவுட். டைனமோவின் வோல்ட் அளவு பாட்டரியை விட உயரும்போது இது கதவைத் திறந்து மின்சாரத்தைப் பாட்டரிக்கு விடுகிறது; எஞ்சின் நின்றால் கதவை மூடி, பாட்டரியின் மின்சாரம் டைனமோ வழியே வீணாகாமல் காக்கிறது. மற்றொன்று ரெகுலேட்டர். டைனமோ வேகமாகச் சுழன்று அளவுக்கு மீறி மின்சாரம் தராதபடி இது பீல்டு காயிலுக்குச் செல்லும் மின்சாரத்தைக் குறைத்துக் கொடுக்கிறது.

இங்குக் கூறப்படும் அளவுகள் 12 வோல்ட் லூக்காஸ் வகை டைனமோவுக்கு உரியவை. அக்காலத்து அம்பாசடர், ஹெரால்டு ஆகியவற்றில் இவ்வகையே பெரிதும் வழங்கியது. 1961-ல் சென்னை பாடியில் லூக்காஸ் டி.வி.எஸ். தொழிற்சாலை நிறுவப்பட்ட பின் இவ்வகை மின்கருவிகள் நம் மாநிலத்திலேயே உற்பத்தியாயின. அமெரிக்க வகை ஜீப்புகளில் கம்பி இணைப்பு முறை வேறு. டைனமோவை நீக்கி ஆல்டர்னேட்டர் பொருத்திய வண்டிகளுக்கும் கீழ்க்காணும் டைனமோ சோதனை பொருந்தாது. ஆகவே, தம் வண்டியில் இருப்பது எவ்வகை என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

சிவப்பு விளக்கு சொல்லும் செய்தி

முகப்புப் பலகையிலுள்ள சிறு சிவப்பு விளக்கைப் பலர் பொருட்படுத்துவதில்லை. அதன் ஒரு முனை சாவி வழியாகப் பாட்டரியுடனும், மறுமுனை டைனமோவுடனும் இணைக்கப்பட்டுள்ளது. இரு பக்கமும் வோல்ட் அளவு சமமானால் விளக்கு அணையும். வேறுபாடு இருந்தால் எரியும். இதிலிருந்து பல செய்திகளை அறியலாம்.

சாவியைத் திருப்பியதும் விளக்கு எரிந்து, எஞ்சின் வேகம் பெற்றதும் அணைந்தால், அமைப்பு பெரும்பாலும் நலமாக உள்ளது.

சாவியைத் திருப்பியும் விளக்கு எரியாவிட்டால், பல்பு பழுதாகியிருக்கலாம், கம்பி அறுந்திருக்கலாம், டைனமோவின் கார்பன் பிரஷ் தேய்ந்து தொடாமல் இருக்கலாம், அல்லது பாட்டரியே முற்றிலும் இறங்கியிருக்கலாம்.

எஞ்சின் வேகமாக ஓடியும் விளக்கு பளிச்சென்று எரிந்துகொண்டே இருந்தால், டைனமோவிலிருந்து மின்சாரம் வரவில்லை என்பது பொருள். வண்டியை நிறுத்தி முதலில் பெல்ட்டைப் பார்க்க வேண்டும். அம்பாசடரில் அதே பெல்ட்தான் தண்ணீர் பம்பையும் சுழற்றுகிறது. அது அறுந்த நிலையில் தொடர்ந்து ஓட்டினால், எஞ்சினே சூடேறிக் கெட்டுப்போகும்.

வேகத்திலும் விளக்கு மங்கலாக ஒளிர்ந்தால், டைனமோவுக்கும் பாட்டரிக்கும் இடையே எங்கோ தடை உள்ளது. கட்-அவுட் முனைகள் கருகியிருப்பது, கம்பி முனை தளர்ந்திருப்பது ஆகியவை இதற்குப் பொதுவான காரணங்கள்.

கருவிகளும் எச்சரிக்கையும்

20 வோல்ட்டுக்கு மேல் அளக்கக்கூடிய வோல்ட் மீட்டர் ஒன்று, பாட்டரி நீரின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டர் ஒன்று, இரு கம்பிகள் பொருத்திய 12 வோல்ட் சிறு பல்பு ஒன்று, ஸ்பானர்கள், உப்புத்தாள் ஆகியவை போதும்.

பாட்டரியில் உள்ளது கந்தக அமிலம். மேலும், மின்னேறும்போது அதிலிருந்து ஹைட்ரஜன் வாயு வெளிவரும். அது தீப்பொறி பட்டால் வெடிக்கும். ஆகவே, அருகில் பீடி, சிகரெட், தீக்குச்சி கூடாது. அமிலம் கண்ணில் பட்டால், உடனே ஏராளமான தண்ணீரால் பல நிமிடம் கழுவிவிட்டு மருத்துவரிடம் செல்ல வேண்டும். சோதிப்பவர் கடிகாரச் சங்கிலி, மோதிரம் ஆகியவற்றைக் கழற்றி வைப்பதும், துண்டு, வேட்டி நுனி சுழலும் பெல்ட்டில் சிக்காமல் பார்த்துக்கொள்வதும் அவசியம். எஞ்சினை மூடிய கொட்டகைக்குள் ஓடவிடக் கூடாது. அதன் புகை உயிருக்கு ஆபத்தானது.

மற்றொரு செய்தியும் நினைவில் இருக்க வேண்டும். அக்காலத்து பிரிட்டிஷ் வகை வண்டிகள் பலவற்றில் பாட்டரியின் நேர்முனையே வண்டியின் உடலுடன் இணைந்திருக்கும். இக்கால வண்டிகளில் எதிர்முனை அவ்வாறு இணைகிறது. பழைய வண்டியில் புதிய பாட்டரியை வழக்கம் போலப் பொருத்திவிட்டால், டைனமோவும் கட்டுப்பாட்டுப் பெட்டியும் பழுதாக இடமுண்டு. எந்த முனை உடலுடன் சேர்ந்திருக்கிறது என்பதைப் பழைய பாட்டரியைக் கழற்றும்போதே குறித்துக்கொள்க.

முதற்படி: பாட்டரி

செலவில்லாத சோதனைகளிலிருந்து தொடங்க வேண்டும் என்பது நம் விதி. பாட்டரி முனைகளில் வெண்மையாகவோ பச்சையாகவோ படிந்திருக்கும் பூச்சை வெந்நீர் ஊற்றிக் கழுவித் துடைத்து, முனைகளை இறுக்கி, சிறிது வாசலின் தடவுக. நீர் மட்டம் ஈயத் தகடுகளுக்குச் சற்று மேலே இருக்க வேண்டும். குறைந்தால் காய்ச்சி வடித்த நீரை மட்டும் ஊற்றுக. கிணற்று நீரிலுள்ள உப்புகள் தகடுகளைக் கெடுக்கும்.

பல மணி நேரம் ஓய்வில் இருந்த நல்ல பாட்டரி சுமார் 12.6 வோல்ட் காட்டும். 12 வோல்ட்டுக்குக் கீழே காட்டினால், அதை வெளியே எடுத்து முழுமையாக மின்னேற்றிய பிறகே மற்றச் சோதனைகளைத் தொடர வேண்டும். ஹைட்ரோமீட்டரால் ஆறு அறைகளையும் தனித்தனியே அளக்க. ஐந்து அறைகள் ஒரே அளவிலும் ஓர் அறை மட்டும் மிகவும் தாழ்ந்தும் இருந்தால், அந்தப் பாட்டரி பழுதடைந்தது என்று உறுதி செய்யலாம். எல்லா அறைகளும் ஒரே சீராகத் தாழ்ந்திருந்தால், பாட்டரியின் மீது குற்றமில்லை. அதற்கு ஊட்டம் போதவில்லை என்பதே பொருள். இந்த வேறுபாட்டை அறிந்தவர் வீணாகப் புதிய பாட்டரி வாங்கமாட்டார்.

வண்டி நிற்கும்போதே பாட்டரி இறங்குகிறதா என்று அறிய எளிய வழி ஒன்றுண்டு. எல்லா விளக்குகளையும் சாவியையும் அணைத்துவிட்டு, உடலுடன் சேராத பாட்டரி முனையின் கம்பியைக் கழற்றி, அம்முனைக்கும் கழற்றிய கம்பிக்கும் இடையே சோதனைப் பல்பைப் பிடிக்க. பல்பு ஒளிர்ந்தால் எங்கோ மின்கசிவு உள்ளது. பியூஸ்களையும் கம்பிகளையும் ஒவ்வொன்றாகக் கழற்றி வர, எதைக் கழற்றும்போது பல்பு அணைகிறதோ அந்த வழியில்தான் கசிவு உள்ளது.

இரண்டாம் படி: பெல்ட்

பெல்ட்டின் நீண்ட பகுதியின் நடுவில் விரலால் அழுத்தினால், அரை அங்குலம் முதல் முக்கால் அங்குலம் வரை தாழ வேண்டும். அதற்கு மேல் தாழ்ந்தால் வழுக்கும். தாழாமல் விறைப்பாக இருந்தால், டைனமோவின் புஷ்ஷும் பேரிங்கும் விரைவில் தேயும். பெல்ட்டின் இரு பக்கங்களும் கண்ணாடி போல் வழவழப்பாகி, அது கப்பியின் அடியைத் தொட்டு ஓடினால், எவ்வளவு இறுக்கினாலும் பயனில்லை. புதிய பெல்ட் போட வேண்டும்.

மூன்றாம் படி: எஞ்சின் ஓடும்போது

வோல்ட் மீட்டரைப் பாட்டரி முனைகளிலேயே பொருத்தி, எஞ்சினை நிதான வேகத்துக்கு மேல் ஓடவிடுக. ஓய்வில் 12.6 காட்டியது 13.5-லிருந்து 14.5 வரை உயர்ந்தால், மின்னேற்றம் நடைபெறுகிறது. சிறிதும் உயராவிட்டால், அடுத்த படிக்குச் செல்க. 15-ஐத் தாண்டி நின்றால், ரெகுலேட்டர் சரியாக வேலை செய்யவில்லை. பாட்டரி நீர் அடிக்கடி வற்றுவதற்கும் பல்புகள் அடிக்கடி போவதற்கும் அதுவே காரணம்.

எஞ்சின் மெதுவாக ஓடும்போது டைனமோ மின்னேற்றாது என்பதையும் நினைவில் கொள்க. வண்டியை நிற்கவைத்து அரை மணி நேரம் மெதுவாக ஓடவிட்டால் பாட்டரி ஏறிவிடும் என்று எண்ணுவது தவறு.

நான்காம் படி: டைனமோ

டைனமோவின் பின்புறத்தில் இரு முனைகள் உள்ளன: பெரியது 'டி', சிறியது 'எப்'. இரண்டின் கம்பிகளையும் அடையாளமிட்டுக் கழற்றுக. இரு முனைகளையும் ஒரு சிறு கம்பியால் ஒன்றுசேர்த்து, அந்த இணைப்புக்கும் டைனமோவின் உடலுக்கும் இடையே வோல்ட் மீட்டரைப் பொருத்துக. எஞ்சினை மெதுவாக ஓடவிட்டு வேகத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டுக. நிமிடத்திற்கு 1,000 சுற்றுகளுக்கு மேற்படாதபடியும், மீட்டரில் 20 வோல்ட்டைத் தாண்டாதபடியும் பார்த்துக்கொள்ள வேண்டும். ரெகுலேட்டரின் கட்டுப்பாடு இல்லாத நிலையில் வேகத்தைக் கூட்டினால், டைனமோ எரிந்துவிடக்கூடும்.

மீட்டரின் முள் தடங்கலின்றி விரைவாக உயர்ந்தால், டைனமோ நலமாக உள்ளது. அதைக் கழற்றிக் கம்பி சுற்றக் கொடுப்பது வீண் செலவு.

முள் சிறிதும் அசையாவிட்டால், கார்பன் பிரஷ்களைப் பார்க்க வேண்டும். அரை வோல்ட் முதல் ஒரு வோல்ட் வரை மட்டுமே காட்டினால், பீல்டு காயிலில் பழுது இருக்கலாம். 4 அல்லது 5 வோல்ட்டில் நின்றுவிட்டால், ஆர்மெச்சரில் பழுது இருக்கலாம். மூன்று அளவுகளுக்கும் மூன்று வெவ்வேறு பொருள்கள் இருப்பதால், பட்டறைக்குப் போகும் முன்னரே எந்த வேலை தேவை என்பதை உரிமையாளர் அறிந்துகொள்ளலாம்.

பிரஷ்கள் ஏறத்தாழ 8 மில்லிமீட்டருக்குக் கீழே தேய்ந்திருந்தால் மாற்ற வேண்டும். அவை தம் கூட்டில் தாராளமாக நகர வேண்டும். பிரஷ் உரசும் செம்பு வளையமாகிய காமுடேட்டர் கருத்திருந்தால், பெட்ரோலில் நனைத்த துணியால் துடைக்கலாம்; அப்போது எஞ்சின் நின்றிருக்க வேண்டும், பாட்டரி இணைப்பும் கழற்றப்பட்டிருக்க வேண்டும். துடைத்தும் போகாவிட்டால் மிக மெல்லிய உப்புத்தாளால் தேய்க்கலாம். எமரித் தாளைப் பயன்படுத்தலாகாது. அதன் துகள்கள் செம்புப் பட்டைகளின் இடையே தங்கிக் கெடுதல் செய்யும். பின்புற புஷ்ஷுக்கு அதற்குரிய துளையில் இரண்டு மூன்று துளி எஞ்சின் எண்ணெய் விடுவதும் நன்று. அதிகமாக விட்டால், அது காமுடேட்டரில் படிந்து வேறு கோளாறை உண்டாக்கும்.

பல ஆண்டுகள் ஓடாமல் நின்ற டைனமோவில் எஞ்சிய காந்த சக்தி குன்றிப் போவதும் உண்டு. பிரஷ்கள் நன்றாயிருந்தும் மின்சாரம் பிறக்காவிட்டால், 'எப்' முனையின் கம்பி கழற்றியிருக்கும் நிலையில், உடலுடன் சேராத பாட்டரி முனையிலிருந்து ஒரு கம்பியைக் கொண்டுவந்து 'எப்' முனையில் இரண்டொரு நொடி தொட்டு எடுக்க வேண்டும். தீப்பொறி பாட்டரியின் அருகில் நிகழாமல் டைனமோவின் பக்கமே நிகழுமாறு தொடுவது பாதுகாப்பானது. இதனால் காந்த சக்தி மீண்டும் நிலைபெறும்.

ஐந்தாம் படி: கம்பிகளும் கட்டுப்பாட்டுப் பெட்டியும்

டைனமோ நலம் என்று கண்டபின் கம்பிகளைப் பழையபடி பொருத்திவிட்டு, கட்டுப்பாட்டுப் பெட்டியில் 'டி', 'எப்' கம்பிகளைக் கழற்றி, அவற்றை ஒன்றுசேர்த்து அதே சோதனையை அங்கே செய்க. வோல்ட் அளவு முன் போலவே வந்தால் கம்பிகள் நலம். வராவிட்டால் இடையிலுள்ள கம்பியில் கோளாறு.

அடுத்து, உடலிணைப்பு. எஞ்சின் ஓடும்போது, வண்டியின் உடலுடன் சேர்ந்த பாட்டரி முனைக்கும் டைனமோவின் உடலுக்கும் இடையே வோல்ட் மீட்டரைப் பிடித்தால், ஏறக்குறைய ஒன்றுமே காட்டக் கூடாது. அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால், எஞ்சினையும் உடலையும் இணைக்கும் பட்டைக் கம்பி துருவேறியிருக்கிறது. பெட்டியின் 'இ' முனையிலிருந்து உடலுக்குச் செல்லும் கம்பியையும் பார்க்க வேண்டும்.

இவையெல்லாம் சரியாக இருந்தும் மின்னேற்றம் இல்லையெனில், குறை கட்டுப்பாட்டுப் பெட்டியில்தான் உள்ளது. கட்-அவுட் 12.7-லிருந்து 13.3 வோல்ட்டுக்குள் சேர வேண்டும். பாட்டரிக் கம்பியைப் பிரித்துவைத்துச் சோதிக்கும்போது ரெகுலேட்டர் சுமார் 16 வோல்ட்டில் நிற்க வேண்டும். இந்தத் திருத்தங்களைப் பழகிய மின்தொழிலாளியிடமே விடுவது நலம். ஆனால், "எதைத் திருத்தினீர்கள்? முன்பு எத்தனை வோல்ட், இப்போது எத்தனை?" என்று கேட்கும் உரிமை வண்டி உரிமையாளருக்கு உண்டு.

எஞ்சினை நிறுத்திய பிறகும் டைனமோ சூடாகிக்கொண்டே இருந்தால், கட்-அவுட் முனைகள் ஒட்டிக்கொண்டன என்று அறிந்து, உடனே பாட்டரிக் கம்பியைக் கழற்ற வேண்டும். தாமதித்தால் தீப்பிடிக்கவும் கூடும்.

வரவும் செலவும்

எந்த உறுப்பும் பழுதாகாமலே பாட்டரி இறங்குவது உண்டு. வரவுக்கு மீறிய செலவே அதற்குக் காரணம். இந்த டைனமோக்கள் முழு வேகத்தில் 19 முதல் 22 ஆம்பியர் வரைதான் தரும். 60 வாட் முகப்பு விளக்குகள் இரண்டுக்கு 10 ஆம்பியர், எஞ்சின் தீப்பொறிக்கு 3 அல்லது 4 ஆம்பியர், சிறு விளக்குகளுக்கு ஏறத்தாழ 2 ஆம்பியர் என்று கணக்கிட்டால், 16 ஆம்பியர் ஆகிறது. இதன் மேல் 55 வாட் பனிவிளக்குகள் இரண்டைப் பொருத்தினால் மேலும் 9 ஆம்பியர் சேர்ந்து 25 ஆகும். வரவு 22, செலவு 25 என்றால் பற்றாக்குறையைப் பாட்டரிதான் ஈடுசெய்ய வேண்டும். திருவிழா ஊர்வலத்தில் ஒலிபெருக்கியுடன் மெதுவாக ஊர்ந்து செல்லும் கார் மறுநாள் காலை கிளம்பாததற்கு இதுவே காரணம்.

ஓர் எடுத்துக்காட்டு

விவசாயி ஒருவரின் பழைய அம்பாசடரில் பதினான்கு மாதத்தில் இரண்டு புதிய பாட்டரிகள் போடப்பட்டன. டைனமோவுக்கும் ஒருமுறை கம்பி சுற்றப்பட்டது. எனினும், வண்டியைத் தள்ளித்தான் கிளப்ப வேண்டியிருந்தது. பாட்டரியின் ஆறு அறைகளும் ஒரே சீராகத் தாழ்ந்திருந்ததால், பாட்டரி மீது குற்றமில்லை என்பது முதலில் தெளிவாயிற்று. பெல்ட் சரியாக இருந்தது. டைனமோ சோதனையில் முள் தடங்கலின்றி உயர்ந்தது. ஆனால், எஞ்சின் ஓடும்போது பாட்டரியின் உடல் முனைக்கும் டைனமோவின் உடலுக்கும் இடையே மீட்டர் ஒன்றரை வோல்ட் காட்டியது. எஞ்சினுக்கு அடியிலிருந்த பட்டைக் கம்பியின் இழைகளில் பெரும்பகுதி அறுந்து, முனை துருவேறியிருந்தது. அதை மாற்றி, பொருத்தும் இடத்தைத் தேய்த்துப் பளபளப்பாக்கியதும், பாட்டரி முனையில் 14 வோல்ட் வந்தது. மொத்தச் சோதனைக்கும் ஆன நேரம் ஒரு மணிக்கும் குறைவு. அச்சோதனை முதலிலேயே நடந்திருந்தால், இரண்டாவது பாட்டரியும் கம்பி சுற்றிய கூலியும் மிஞ்சியிருக்கும்.

பஞ்சாயத்துகள் செய்யத்தக்கவை

ஒவ்வொரு குடும்பமும் ஹைட்ரோமீட்டரும் வோல்ட் மீட்டரும் வாங்கி வைத்துக்கொள்வது அவசியமன்று. ஊருக்கு ஒரு தொகுதி போதும். அதை இளைஞர் மன்றத்தின் பொறுப்பில் வைத்து, தொழிற்பயிற்சி நிலையத்தில் பயின்ற உள்ளூர் இளைஞர் ஒருவரைக் கொண்டு மாதம் ஒருமுறை பழைய கார்களையும் டிராக்டர்களையும் சோதித்துப் பார்க்கலாம். ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு சிறு குறிப்பேடு வைத்து, தேதி, ஓய்வில் உள்ள வோல்ட், ஓடும்போது உள்ள வோல்ட், செய்த வேலை ஆகியவற்றை எழுதி வந்தால், அடுத்த கோளாறைக் கண்டறிவது மிக எளிதாகும்.

பொதுப் பணத்தில் இயங்கும் வண்டிகளின் பழுதுபார்ப்புப் பட்டியல் உறுப்பினர்கள் முன் வரும்போதும் இதே முறை பயன்படும். புதிய பாட்டரிக்கான பட்டியலுடன் பழைய பாட்டரியின் ஆறு அறை அளவுகளும், டைனமோ வேலைக்கான பட்டியலுடன் சோதனையில் கண்ட வோல்ட் அளவும் குறிக்கப்பட வேண்டும் என்று கேட்பது முறையே. இது யாரையும் சந்தேகிப்பதாகாது. நேர்மையான தொழிலாளி இதை விரும்பி ஏற்பார்.

மன்றங்களில் விவாதிக்கச் சில வினாக்கள்

1. பாட்டரியின் ஆறு அறைகளும் ஒரே சீராகத் தாழ்ந்திருந்தால் அதன் பொருள் யாது? ஓர் அறை மட்டும் தாழ்ந்திருந்தால் யாது?

2. எஞ்சின் வேகமாக ஓடும்போது சிவப்பு விளக்கு மங்கலாக ஒளிர்ந்தால், எவ்விடங்களைச் சோதிக்க வேண்டும்?

3. டைனமோ சோதனையில் 4 வோல்ட்டுக்கு மேல் முள் உயராவிட்டால், பட்டறையில் எந்த வேலையைச் செய்யச் சொல்வீர்கள்?

4. நம் ஊரில் டைனமோ உள்ள பழைய வண்டிகள் எத்தனை? அவற்றில் நேர்முனை உடலுடன் இணைந்தவை எவை?